தீயணைப்பு வண்டிக்குக் கடன் வாங்க ஓட்டுப் போடலாமா? ஒரிகன் கிராமப்புறத்தில் நம் முன் உள்ள வழிகள்

போன கோடையில் எங்கள் பகுதித் தீயணைப்பு நிலையத்தின் வருடாந்திர பம்பு சோதனையைப் பார்க்கப் போயிருந்தேன். ஹேசல்நட் தோப்பை ஒட்டி ஒரு குட்டை. கரையில் வண்டியை நிறுத்தி, கெட்டியான உறிஞ்சு குழாயைத் தண்ணீருக்குள் இறக்கினார்கள். 150 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நிமிடத்துக்கு 1,250 கேலன் வீதம் 20 நிமிடம் விடாமல் பம்பு தண்ணீர் தள்ள வேண்டும். அப்புறம் 200 பிஎஸ்ஐயில் அதில் 70 சதவீதம், 250இல் பாதி, தலா 10 நிமிடம். வண்டி 1996ஆம் வருடத்தது. முதல் கட்டத்திலேயே, பதினோராவது நிமிடம், அழுத்தமானியின் முள் நடுங்க ஆரம்பித்தது. பம்பு பலகையின் முன் நின்றவர் சம்பளம் வாங்காத தன்னார்வலர். பகலில் டிராக்டர் பழுது பார்ப்பவர். த்ராட்டிலைக் கொஞ்சம் கூட்டினார், ஒரு வால்வைக் கொஞ்சம் மூடினார், குழாயின் இணைப்பில் குனிந்து காற்று இழுக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டார். முள் 130க்கு இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. எஞ்சின் வேகத்தைக் குறைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் நோட்டில் அந்த எண்ணை எழுதினார்.

ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவும் கூட நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்ப்பா, இதை கவர்மென்ட்டு மாத்திக் குடுக்காதா?" என்றார். "இங்க அதுக்கு ஊர்க்காரங்க ஓட்டுப் போடணும்ப்பா" என்றேன். அவர் நம்பவில்லை. தமிழ்நாட்டில் தீயணைப்பு என்பது மாநில அரசின் துறை. வண்டி பழசானால் சென்னையில் முடிவெடுத்து வாங்குவார்கள். யாரும் நம் வீட்டுக்கு வாக்குச்சீட்டு அனுப்பிக் கேட்பதில்லை.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் நகர எல்லைக்கு வெளியே பெரும்பாலான இடங்களில் தீயணைப்பைப் பார்த்துக்கொள்வது ஒரு தனி அமைப்பு. கிராமப்புறத் தீயணைப்பு வட்டாரம் என்று சொல்லலாம். அதற்கென்று எல்லை, அதற்கென்று சொத்து வரி, மக்கள் தேர்ந்தெடுக்கும் இயக்குநர் குழு எல்லாம் உண்டு. குழுவில் பெரும்பாலும் 5 பேர். பட்ஜெட் போடும் காலத்தில் அந்த 5 பேருடன் அதே எண்ணிக்கையில் சாதாரண வாக்காளர்களும் உட்கார வேண்டும் என்பது சட்டம். அப்படித்தான் நானும் இரண்டு வருடமாக எங்கள் வட்டாரத்தின் பட்ஜெட் கமிட்டியில் இருக்கிறேன். ஹில்ஸ்பரோ, பீவர்ட்டன் பக்கம் வேலை பார்த்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளிப் போய் வீடு வாங்கியிருக்கும் தமிழர்கள் இப்போது நிறையப் பேர். வரி ரசீதில் இந்த வட்டாரத்தின் பெயர் ஒரு வரியாக வரும். தேர்தலில் வாக்குச்சீட்டின் கடைசியில் ஒரு கேள்வியாக வரும். பலர் அந்தக் கேள்வியை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள் என்று தெரியும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், வட்டாரம் தன் வழக்கமான வரிப் பணத்திலேயே ஏன் வாங்கக் கூடாது? நானும் கமிட்டியில் சேர்ந்த முதல் நாள் இதைத்தான் கேட்டேன். பதில் 1997இல் இருக்கிறது. அந்த வருடம் ஒரிகன் மக்கள் ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய மெஷர் 50 என்ற சட்டம், ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு நிரந்தர வரி விகிதத்தைப் பூட்டி வைத்தது. அந்த விகிதத்தை இயக்குநர் குழு உயர்த்த முடியாது. ஊர் மக்களே ஓட்டுப் போட்டாலும் உயர்த்த முடியாது. சொத்தின் வரி மதிப்பும் வருடத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. புதுக் கட்டடங்கள் வந்தால் அது தனி.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். வட்டாரத்தின் மொத்த வரி மதிப்பு 150 கோடி டாலர், நிரந்தர விகிதம் 1,000 டாலருக்கு 1 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருட வருமானம் 15 லட்சம் டாலர். 3 சதவீதம் ஏறினால் கூடுதலாக வருவது 45,000. அதில்தான் சம்பள உயர்வு, டீசல், காப்பீடு, மூச்சுக் கருவி எல்லாம். 10 லட்சம் டாலர் வண்டியின் விலை வருடத்துக்கு 6 சதவீதம் ஏறினால் அந்த ஒரு வண்டியின் விலையேற்றம் மட்டும் 60,000. வருமானம் ஏறுவதைவிட ஒரே ஒரு வண்டியின் விலை வேகமாக ஏறுகிறது.

6 சதவீதம் என்பதை நான் பயமுறுத்தச் சொல்லவில்லை. பத்து வருடத்துக்கு முன் 5 லட்சம் டாலர் அளவில் கிடைத்த பம்பர், அதாவது பம்பு பொருத்திய தீயணைப்பு வண்டி, இன்று 10 லட்சத்தை ஒட்டி நிற்கிறது. ஆர்டர் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று வருடம், சில சமயம் அதற்கு மேலும் காத்திருக்க வேண்டும். இ-ஒன், கேஎம்இ, ஃபெராரா, ஸ்பார்ட்டன் என்று ஒரு காலத்தில் தனித்தனியாகப் போட்டி போட்ட பெயர்கள் ரெவ் குழுமம் என்ற ஒரே கூரையின் கீழ் வந்துவிட்டன. பியர்ஸ் 1996 முதல் ஆஷ்காஷ் நிறுவனத்திடம் இருக்கிறது. தயாரிப்பாளர்கள் இப்படிச் சுருங்கியதுதான் விலைக்கும் தாமதத்துக்கும் காரணமா என்று விசாரிக்கும்படி தீயணைப்பு வீரர்களின் தொழிற்சங்கமான ஐஏஎஃப்எஃப் 2024இல் மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. அதன் முடிவு எதுவானாலும், விலை தானாக இறங்கும் என்று காத்திருக்க எனக்கு மனம் வரவில்லை.

வண்டி பழசு என்றால் எவ்வளவு பழசு? தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கமான என்எஃப்பிஏவின் பரிந்துரை, 15 வருடம் தாண்டிய வண்டியை முதல் வரிசையிலிருந்து எடுத்து மாற்று வண்டியாக வையுங்கள், 25 தாண்டினால் மாற்றிவிடுங்கள் என்பது. இது சட்டம் இல்லை, பரிந்துரைதான். ஆனால் அதன் பின்னால் நியாயம் உண்டு. தீயணைப்போர் உட்காரும் இடம் முழுக்க மூடிய கேபினாக இருக்க வேண்டும் என்ற விதியே 1991இல்தான் அந்தத் தரத்துக்குள் வந்தது. அதன் பிறகும் ஏர்பேக், கவிழாமல் காக்கும் கட்டுப்பாடு, நல்ல பிரேக் என்று ஒவ்வொன்றாக வந்தன. அமெரிக்காவின் தீயணைப்போரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பேர் தன்னார்வலர்கள். ராத்திரி 2 மணிக்குப் படுக்கையிலிருந்து எழுந்து, மழையில் வளைந்து போகும் மலைப்பாதையில் அந்த வண்டியை ஓட்டுகிறவர் நம் பக்கத்து வீட்டுக்காரர்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிராமப்புறத்தில் தெருவுக்குத் தெரு ஹைட்ரன்ட், அதாவது தீயணைப்புக்கான தண்ணீர்க் குழாய், கிடையாது. பம்பரின் தொட்டியில் இருப்பது பெரும்பாலும் 750 முதல் 1,000 கேலன். ஒரு குழாயில் நிமிடத்துக்கு 250 கேலன் போனால் 1,000 கேலன் 4 நிமிடத்தில் காலி. அதற்குள் தண்ணீர் லாரி வந்து சேர வேண்டும். நம்மூரில் கோடைக்குக் கோடை பார்க்கிற தண்ணி லாரிதான், இங்கே டெண்டர் என்பார்கள். சுமார் 3,000 கேலன் கொண்டு வந்து, சாலை ஓரத்தில் விரித்த கான்வாஸ் தொட்டியில் கொட்டிவிட்டு மறுபடி குளத்துக்கு ஓடும். பம்பர் அந்தத் தொட்டியிலிருந்து உறிஞ்சி வீட்டுக்குத் தள்ளும். அன்றைக்குக் குட்டைக் கரையில் பார்த்த சோதனை வெறும் சடங்கு இல்லை. வீடு எரியும்போது செய்ய வேண்டிய அதே வேலை அது. அதில்தான் எங்கள் பம்பு தோற்றது.

சரி, பணத்துக்கு என்ன வழி?

மக்கள் ஓட்டுப் போட்டு அனுமதிக்கும் கடன் பத்திரம், அதாவது பாண்டு, முதல் வழி. வட்டாரம் பத்திரம் வெளியிட்டு மொத்தப் பணத்தையும் இப்போதே வாங்கிக்கொள்ளும். அசலையும் வட்டியையும் ஒரு தனிச் சொத்து வரியாக வருடா வருடம் நம்மிடம் வசூலித்துக் கட்டும். கடன் தீர்ந்தால் அந்த வரியும் தீர்ந்தது. மெஷர் 50 எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டினாலும் ஒரு கதவைத் திறந்து வைத்தது: குறைந்தது 5 வருடம் உழைக்கக்கூடிய பொதுப் பாதுகாப்பு வண்டிகளுக்குப் பாண்டு வாங்கலாம் என்று அதன் வாசகத்திலேயே இருக்கிறது. 2010இல் வந்த மெஷர் 68 அந்தக் கதவை இன்னும் அகலமாக்கியது. கூடவே ஒரு நல்ல கட்டுப்பாடும் உண்டு. வாங்கும் பொருள்களின் சராசரி ஆயுளைவிடக் கடனின் சராசரிக் காலம் நீளக் கூடாது. வண்டி துருப்பிடித்துப் போன பிறகும் அதற்காக வட்டி கட்டிக்கொண்டிருக்கும் நிலை வராது.

மேலே கணக்குப் போட்ட அந்த மாதிரி வட்டாரத்துக்கு, மூன்று வண்டிக்கு 30 லட்சம் டாலர் பாண்டு, 4 சதவீத வட்டி என்று வைத்துப் பார்த்தேன். 15 வருடத்தில் அடைத்தால் வருடத்துக்கு சுமார் 2.7 லட்சம் வரும். 1,000 டாலர் வரி மதிப்புக்கு 18 சென்ட். வரி மதிப்பு 3.5 லட்சம் உள்ள வீட்டுக்கு வருடத்துக்கு 63 டாலர். இங்கே வரி மதிப்பு என்பது சந்தை விலை இல்லை, பெரும்பாலான வீடுகளுக்கு அதைவிட நன்றாகவே குறைவு. வீட்டு விலை காட்டும் ஸில்லோ தளத்தில் தெரிகிற எண்ணை வைத்துக் கணக்குப் போட்டு யாரும் பதற வேண்டாம். மொத்த வட்டி சுமார் 10.5 லட்சம். 10 வருடத்தில் அடைத்தால் அதே வீட்டுக்கு 86 டாலர், வட்டி 7 லட்சத்தை ஒட்டி. 20 வருடம் என்றால் 52 டாலர்தான், ஆனால் வட்டி 14 லட்சத்தைத் தாண்டும். வருடத் தொகை சிறியதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் காலத்தை 20க்கு இழுக்கிற பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. அந்த 11 டாலர் வித்தியாசத்துக்கு ஊர் கூடுதலாகக் கொடுப்பது மூன்றரை லட்சத்துக்கும் மேல்.

இரண்டாவது வழி கடனில்லாத தற்காலிக வரி. லோக்கல் ஆப்ஷன் லெவி என்பார்கள். அன்றாடச் செலவுக்கு என்றால் 5 வருடம் வரை, வண்டி, கட்டடம் போன்ற மூலதனச் செலவுக்கு என்றால் 10 வருடம் வரை. இதற்கும் ஓட்டு வேண்டும். வட்டி கிடையாது என்பதால் கேட்ட உடனே மனசுக்குப் பிடிக்கும். கடன் வாங்காமல் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்குவதுதான் ஒழுங்கு என்று நம்மை வளர்த்திருக்கிறார்கள். நானும் ஒரு வருடம் முழுக்க இதைத்தான் கமிட்டியில் பேசிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் பேப்பரில் போட்டுப் பார்த்தேன். 10 வருடத்துக்கு வருடம் 3 லட்சம், மொத்தம் 30 லட்சம். அதே வீட்டுக்கு வருடத்துக்கு 70 டாலர். வண்டியின் விலை 10 லட்சத்தில் தொடங்கி வருடம் 6 சதவீதம் ஏறுகிறது. சேரும் பணத்துக்கு 3 சதவீத வட்டி கிடைக்கிறது. முதல் வண்டியை ஐந்தாம் வருடம்தான் வாங்க முடிகிறது, விலை 13.4 லட்சம். இரண்டாவது வண்டி பத்தாம் வருடம், ஏறக்குறைய 18 லட்சம். அவ்வளவுதான், பணம் தீர்ந்தது. மூன்றாவது வண்டி கிடையாது. பாண்டு வழியில் 40.5 லட்சம் கட்டி மூன்று வண்டிக்கும் இன்றைக்கே ஆர்டர் கொடுக்கிறோம். லெவி வழியில் 30 லட்சம் கட்டி இரண்டு வண்டி, அதிலும் இரண்டாவது வரும்போது அந்த 1996 வண்டிக்கு 40 வயது நெருங்கியிருக்கும். விலையேற்றம் 3 சதவீதமாகக் குறைந்தாலும் மூன்றாவது வண்டி வரவில்லை என்பதையும் போட்டுப் பார்த்துவிட்டேன்.

லெவிக்கு இன்னொரு பலவீனம், மெஷர் 5. 1990இல் வந்த இந்தச் சட்டப்படி பள்ளிக்கூடம் தவிர்த்த உள்ளூர் வரிகள் எல்லாம் சேர்ந்து, சந்தை மதிப்பில் 1,000 டாலருக்கு 10 டாலரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் முதலில் வெட்டப்படுவது இந்த லோக்கல் ஆப்ஷன் லெவிதான், தேவைப்பட்டால் பூஜ்யம் வரை. நகராட்சி வரி இல்லாத தனி வீடுகளில் இது அவ்வளவாக இடிக்காது. வட்டாரத்துக்குள் ஒரு சின்ன டவுன் இருந்தால் அங்கே இடிக்கலாம். மக்கள் ஓட்டுப் போட்ட பாண்டு இந்த வரம்புக்கு வெளியே நிற்கிறது, வெட்டு விழாது.

இதைச் சொல்லும்போது வாக்குச்சீட்டில் வரும் இரண்டு வாக்கியங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் அதைப் படித்துத்தான் பயந்துபோகிறார்கள். ஒரிகனில் ஒரு கேள்வியின் தலைப்பு 10 சொல், கேள்வி 20 சொல், விளக்கம் 175 சொல் என்று கறாரான அளவு உண்டு. ஆனால் வரிக் கேள்வி என்றால் சட்டமே ஒரு வாக்கியத்தைக் கட்டாயமாகச் சேர்க்கச் சொல்கிறது. பாண்டு என்றால், நிறைவேறினால் அரசியலமைப்பின் 11, 11பி பிரிவுகளின் வரம்புக்கு உட்படாத சொத்து வரியிலிருந்து கட்டப்படும் என்று வரும். படிக்கும்போது ஏதோ அளவில்லாமல் கறக்கப் போகிறார்கள் என்று தோன்றும். அதன் பொருள், நான் மேலே சொன்ன வெட்டு இதற்குப் பொருந்தாது என்பது மட்டுமே. வாங்கும் கடனின் உச்சத் தொகை அந்தக் கேள்வியிலேயே டாலரில் எழுதியிருக்கும். அதற்கு மேல் ஒரு சென்ட் கடன் வாங்க முடியாது. லெவி என்றால், இது சொத்து வரியை 3 சதவீதத்துக்கு மேல் உயர்த்தலாம் என்று ஒரு வாக்கியம் வரும். இரண்டுமே எச்சரிக்கைப் பலகைகள். அவற்றைத் தாண்டி எண்ணைப் படிக்க வேண்டும்.

மூன்றாவது வழியில் உங்களுக்கு வாக்குச்சீட்டே வராது. இயக்குநர் குழு வங்கியிலோ குத்தகை நிறுவனத்திடமோ தவணைக்கு வண்டியை எடுத்து, நிரந்தர வரியிலிருந்தே கட்டலாம். சட்டப்படி சரிதான். தேர்தல் செலவு இல்லை, தோற்கும் பயம் இல்லை. வரி ரசீதில் ஒரு சென்ட்கூட ஏறாது. அதனால்தான் இது இலவசம் போலத் தோன்றுகிறது. உண்மையில் அந்தத் தவணை 15 லட்சத்துக்குள்ளிருந்துதான் போக வேண்டும். 10 லட்சம் வண்டியை 10 வருடத் தவணையில் எடுத்தால், நல்ல வட்டி கிடைத்தாலும் வருடத்துக்குக் குறைந்தது 1.2 லட்சம். ஒரு சின்ன வட்டாரத்தில் அது ஒரு முழுநேரத் தீயணைப்பாளரின் சம்பளமும் சலுகையும் சேர்ந்த தொகைக்குப் பக்கத்தில் வரும். ஷெட்டில் பளபளவென்று புது வண்டி நிற்கும், பகல் நேரத்தில் அதை எடுக்க ஆள் இருக்காது. தன்னார்வலர்கள் எல்லாம் அந்த நேரத்தில் 20 மைல் தள்ளி வேலையில் இருப்பார்கள். காட்டுத்தீக்குப் போகும் சிறிய நாலு சக்கர இழுவை வண்டிக்கு, மூன்று நான்கு வருடத் தவணை என்றால் நானே கை தூக்குவேன். பம்பருக்கு மாட்டேன்.

பழைய வண்டி வாங்குவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பணக்கார நகரம் ஒன்று 12 வருடம் ஓட்டிவிட்டு விற்கும் வண்டி புதியதன் விலையில் ஒரு பங்குக்குக் கிடைக்கும், உடனே கைக்கும் வரும். ஆனால் அது நம் கைக்கு வந்த மூன்றாம் வருடம் 15ஐத் தொடும். அப்புறம் மறுபடி இதே கூட்டம், இதே பேச்சு. நகரத்து அகலச் சாலைக்குக் கட்டிய நீள வண்டி இங்கே பண்ணைப் பாதையில் திரும்பாது, சில மரப் பாலங்கள் அதன் எடையைத் தாங்காது. தண்ணீர் லாரி வேறு கதை. அது ஒரு தொட்டியும் சேசிஸும்தான். நல்ல பழைய டெண்டர் கிடைத்தால், வெளி ஆளை வைத்துச் சோதித்துவிட்டு தாராளமாக வாங்கலாம். வனத்துறை வழியாக வரும் ராணுவ உபரி லாரிகளில் தொட்டி ஏற்றி ஓட்டும் வட்டாரங்களும் உண்டு.

மானியம் கிடைத்தால் அதைவிட நல்லது எது? தீயணைப்பு நிலையங்களுக்கு மத்திய அரசு தரும் ஏஎஃப்ஜி மானியம் 2001 முதல் கொடுக்கப்படுகிறது. 20,000 பேர் வரை உள்ள பகுதி 5 சதவீதம் மட்டும் தன் பங்காகப் போட்டால் போதும். வண்டிக்கும் விண்ணப்பிக்கலாம். நாடு முழுவதும் இருந்து போட்டி, அதிலும் வண்டி என்றால் போட்டி கடுமை. விவசாயத் துறையின் சமூக வசதித் திட்டம் 20,000 பேருக்கு உட்பட்ட ஊர்களுக்குத் தீயணைப்பு வண்டி வாங்க நீண்டகாலக் கடனும், ஏழை ஊர் என்றால் மானியமும் தருகிறது. மாநில அளவில், 2021இல் நிறைவேறிய எஸ்பி 762 சட்டத்துக்குப் பிறகு காட்டுத்தீ வண்டிகள் சில உள்ளூர் நிலையங்களுக்கு வந்து சேர்ந்தன. எல்லாவற்றுக்கும் வருடா வருடம் விண்ணப்பிக்கத்தான் வேண்டும். ஆனால் மானியத்தை நம்பி ஓட்டெடுப்பைத் தள்ளிப்போடுவதை மட்டும் நான் எதிர்க்கிறேன். பாண்டு நிறைவேறிய பின் மானியம் வந்தால் அனுமதித்ததைவிடக் குறைவாகக் கடன் வாங்கிக்கொள்ளலாம், அதற்குத் தடையில்லை. மானியம் வராமல் போனால், போன வருடங்கள் போனதுதான்.

பக்கத்து வட்டாரத்துடன் இணைந்துவிடலாமே என்றும் ஒரு குரல் வரும். நீண்ட காலத்துக்கு அது நல்ல யோசனையாகக்கூட இருக்கலாம். ஆனால் பேசி முடிக்கவே வருடங்கள் ஆகும், பழைய வண்டி இரண்டும் சேர்ந்தால் இரண்டு பழைய வண்டிதான்.

பாண்டுக்கு எதிராகக் கூட்டத்தில் எழுந்த குரல்களில் ஒன்றை என்னால் எளிதில் தள்ள முடியவில்லை. எண்பதை நெருங்கும் ஒரு அம்மா. கணவர் இல்லை, ஓய்வூதியம் மட்டும். "63 டாலர் உங்களுக்குச் சின்னதாக இருக்கலாம், பள்ளிக்கூடப் பாண்டு, நூலக லெவி, இது என்று ஒவ்வொன்றாகச் சேர்கிறது" என்றார். அவர் சொன்னது சரிதான். ஒரிகனில் விற்பனை வரி கிடையாது. ஊர்ச் செலவில் பெரும்பங்கு சொத்து வரியின் தலையில்தான் விழுகிறது. 62 வயது தாண்டி, வருமானம் குறைந்தவர்களுக்கு மாநிலமே வரியைக் கட்டிவிட்டு, வீட்டின் மேல் வட்டியோடு பற்று வைத்துக்கொள்ளும் ஒத்திவைப்புத் திட்டம் இருக்கிறது. அதை அவரிடம் சொன்னோம். வீட்டின் மேல் கடன் ஏறுவது அவருக்குப் பிடிக்கவில்லை, எனக்கும் புரிகிறது. அவருக்காகத்தான் தொகையை 30 லட்சத்துக்குள் வைக்க வேண்டும், நிலையத்துக்குப் புது முகப்பு, கூட்ட அறை என்று எதையும் உள்ளே சொருகக் கூடாது என்று கமிட்டியில் பிடிவாதமாக நின்றேன்.

காப்பீட்டுப் பிரீமியம் குறையும் என்று பாண்டுக்கு ஆதரவாகப் பேசுபவர்கள் சொல்வதையும் நான் முழுக்க ஏற்கவில்லை. ஐஎஸ்ஓ என்ற அமைப்பு காப்பீட்டு நிறுவனங்களுக்காக ஒவ்வொரு ஊரின் தீயணைப்புக்கும் 1 முதல் 10 வரை தரம் போடுகிறது, 10 என்றால் பாதுகாப்பே இல்லை என்று பொருள். பம்பு சோதனை, வண்டி, தண்ணீர், ஆள், பயிற்சி, தொலைபேசி அழைப்பைக் கையாளும் முறை எல்லாம் அதில் சேரும். புது வண்டி வந்தால் மட்டும் தரம் உயர்ந்துவிடாது. தோற்ற பம்பை வைத்துக்கொண்டே இருந்தால் கீழே இறங்க வாய்ப்பு உண்டு என்பது மட்டும் நியாயமான பேச்சு.

தேர்தல் நாளும் முக்கியம். மே, நவம்பர் தேர்தல்களில் விழுந்த ஓட்டுகளில் பாதிக்கு மேல் ஆதரவாக இருந்தால் போதும். மற்றத் தேர்தல் நாட்களில் பதிவு செய்த வாக்காளர்களில் பாதிப் பேராவது ஓட்டுப் போட்டிருக்க வேண்டும், அவர்களில் பெரும்பான்மையும் வேண்டும். 2008 வரை மே மாதத்துக்கும் இந்த இரட்டை நிபந்தனை இருந்தது. அந்த வருடம் மெஷர் 56 அதைத் தளர்த்தியது. கூட்டம் இல்லாத தேர்தலில் கொண்டுபோய் வைத்து நைசாக நிறைவேற்றப் பார்க்கும் வேலையைத் தடுக்கத்தான் அந்த நிபந்தனை. நான் நவம்பர் என்கிறேன். அதிகம் பேர் ஓட்டுப் போடும் தேர்தலில் கேட்டு, தோற்றால் தோற்கட்டும்.

2020 செப்டம்பரில் லேபர் டே அன்று கிளம்பிய கீழைக்காற்றில் மாநிலம் முழுக்கப் பத்து லட்சம் ஏக்கர் அளவுக்கு எரிந்தது, 4,000க்கும் மேல் வீடுகள் போயின. சாண்டியம் பள்ளத்தாக்கில் டெட்ராயிட் என்ற சிற்றூரில் தீயணைப்பு நிலையமே எரிந்துபோனது. எங்கள் பக்கம் செஹேலம் மலை, பால்ட் பீக்கில் பிடித்த தீயை நாங்கள் வீட்டுப் பின்கட்டிலிருந்தே பார்த்தோம். வானம் இரண்டு மூன்று நாள் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. கார் டிக்கியில் பாஸ்போர்ட்டுகளையும் அம்மாவின் நகைப் பெட்டியையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்த வாரம் மாநிலம் எங்கும் ஒரே சமயத்தில் தீ. வழக்கமாக உதவிக்கு ஓடி வரும் பக்கத்து வட்டாரங்கள் தங்கள் ஊரையே காக்க முடியாமல் தவித்தன. அன்றைக்குக் கையில் இருந்த வண்டிதான் வண்டி.

ஆகவே என் யோசனை இது. இரண்டு பம்பருக்கும் ஒரு புது டெண்டருக்கும் 30 லட்சம் வரை பாண்டு, 15 வருடத்துக்கு மேல் போகாமல், நவம்பர் தேர்தலில். நல்ல பழைய டெண்டர் ஒன்று அதற்குள் கிடைத்துவிட்டால் அந்த அளவுக்குக் கடனைக் குறைத்துக்கொள்வது. சிறிய வண்டியும் மூச்சுக் கருவியும் நிரந்தர வரியிலிருந்தோ மானியத்திலிருந்தோ. பாண்டு முடியும் வருடத்தில் மறுபடி இதே இடத்துக்கு வராமல் இருக்க, இப்போதிருந்தே வண்டி மாற்றுவதற்கான நிதி ஒன்றில் வருடம் கொஞ்சமாவது போட வேண்டும். அதைத் தீர்மானமாகவே நிறைவேற்ற வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். 3 லட்சம், 4 லட்சம் போன்ற சின்னத் தேவைக்குப் பாண்டு பொருந்தாது, வக்கீல், ஆலோசகர் செலவே அதைத் தின்றுவிடும். உங்கள் வட்டாரத்தின் தேவை அவ்வளவுதான் என்றால் பம்பருக்கு நான் வேண்டாம் என்ற தவணை வழியே உங்களுக்குச் சரியாக இருக்கலாம்.

உங்கள் வட்டாரத்தில் இப்படி ஒரு கேள்வி வந்தால், ஓட்டுப் போடும் முன் இயக்குநர் குழுக் கூட்டத்துக்கு ஒரு தடவை போய்வாருங்கள். எல்லாம் திறந்த கூட்டம்தான், யாரும் தடுக்க மாட்டார்கள். சம்பளம் வாங்கும் ஊழியர்கள் வேலை நேரத்தில் "ஆதரித்து ஓட்டுப் போடுங்கள்" என்று சொல்லக் கூடாது, சட்டம் தடுக்கிறது. ஆனால் தகவல் கேட்டால் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வண்டியின் வருடம், கடைசிப் பம்பு சோதனையின் எண்கள், போன வருடம் எத்தனை நாள் பழுதுக்காக நின்றது, இவ்வளவு கேட்டால் போதும். எங்கள் நிலையத்தில் அந்த நோட்டு பம்பு பலகைக்குப் பக்கத்துப் பெட்டியிலேயே இருக்கிறது. போன கோடையின் பக்கத்தில் 150 என்று இருக்க வேண்டிய இடத்தில் பென்சிலில் 130 என்று எழுதியிருக்கும்.